வால்டன் குளமும் தாத்தாவின் எள்ளுத் தண்ணியும்



'இயற்கையும் நம் சமயமும்' என்ற தலைப்பில் இந்த இதழுக்கு ஒரு பாடம் எழுதித் தரும்படி நம் வட்டாரப் பொறுப்பாளர் அக்கா கேட்டார். ஐம்பூதங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதெல்லாம் சமய வகுப்பில் கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. அதனால், போன வருடம் ஒரு குளக்கரையில் எனக்கு நேர்ந்ததையே பாடமாக எழுதுகிறேன். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கீதை, கொஞ்சம் பொறியியல், நான் செய்ய இருந்த ஒரு தவறு எல்லாம் இதில் வரும். கடைசியில் கலந்துரையாடக் கேள்விகளும் இருக்கின்றன.

1. ஏன் போனேன்?

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் படிக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஊரில் தாத்தா தவறிவிட்டார். கம்பார் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஞாயிற்றுக்கிழமையானால் பழைய ஈயக்குட்டையில் தூண்டில் போட என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"நீ வரவேணாம் தம்பி. டிக்கெட்டுக்கு எங்க போறது? நீ படிக்கணும்னுதான் தாத்தா ஆசைப்பட்டாரு" என்றார் அப்பா. பாட்டி போனை வாங்கி, "பதினாறாம் நாளு உங்கப்பா ஆத்துல செய்வாரு. நீயும் அங்க ஏதாச்சும் தண்ணிகிட்ட போயி, தாத்தா பேரச் சொல்லி எள்ளுத் தண்ணி எறைச்சிடுய்யா. பேரப்புள்ள செஞ்சா அவரு மனசு குளுந்துரும்" என்றார். சரி பாட்டி என்றேன். இறுதி ஊர்வலத்துக்குப் போக முடியாத எனக்கு, செய்ய ஒரு வேலையாவது கிடைத்ததே என்றிருந்தது.

என் விடுதிக்குப் பக்கத்திலேயே சார்ல்ஸ் ஆறு ஓடுகிறது. ஆனால் கரை முழுக்க ஓடுபவர்களும் படகு விடுபவர்களும். அத்தனை பேர் முன்னால் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்! அப்போதுதான் வால்டன் குளத்தைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. கீதையோடு தொடர்புள்ள குளம், அமைதியான காடு. தாத்தாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று முடிவு செய்தேன்.

இந்தியக் கடையில் எள்ளும் பச்சரிசியும் வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் சாமந்திப்பூவும் கிடைத்தது. அக்டோபர் சனிக்கிழமை காலையில் பாஸ்டன் வடக்கு நிலையத்தில் ரயில் ஏறி, கான்கார்ட் என்ற சிற்றூரில் இறங்கினேன். அங்கிருந்து குளத்துக்கு அரை மணி நேர நடை.

2. குளமும் பூங்காவும்

வால்டன் குளம் இன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பூங்கா. எமர்சன் குடும்பமும் அக்கம்பக்கத்து நிலக்காரக் குடும்பங்களும் 1922-இல் குளத்தைச் சுற்றியுள்ள நிலத்தை மாநிலத்துக்குத் தானமாகக் கொடுத்தார்கள். குளத்தின் அழகைக் காக்க வேண்டும், பொதுமக்கள் நீந்தவும் நடக்கவும் படகு விடவும் மீன் பிடிக்கவும் அது பயன்பட வேண்டும் என்பதே நோக்கம்.

பெயர்தான் குளம், பார்த்தால் ஏரி மாதிரி இருக்கிறது. பரப்பு சுமார் 25 ஹெக்டேர். சுற்றி வர ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் பாதை. நான் போன நேரம் மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. அந்தக் குளிரிலும் சிலர் நீச்சலுடை போட்டுக்கொண்டு அக்கரைக்கு நீந்திப் போனார்கள். ஒரு தாத்தாவும் பேரனும் சின்னப் படகில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விதிமுறைகள் நிறைய. நாய் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது, மது கூடாது, எஞ்சின் படகு கூடாது. வண்டிகள் நிறைந்துவிட்டால் வாசலை மூடிவிடுவார்கள். பாதையின் இரண்டு பக்கமும் கம்பி கட்டியிருக்கிறார்கள், கரையில் ஏறி இறங்கி மண்ணைச் சரிக்கக் கூடாது என்பதற்காக. 'பொழுதுபோக்கும் இடத்தில் இத்தனை சட்டமா' என்று எனக்குத் தோன்றியது. அதற்கான காரணம் பிறகுதான் புரிந்தது.

3. குளக்கரையில் கீதை படித்தவர்

1845 ஜூலை 4. ஹென்றி டேவிட் தோரோ என்பவர் இந்தக் குளத்தின் வடகரையில், நண்பர் எமர்சனுக்குச் சொந்தமான காட்டில், தானே கட்டிய சிறு வீட்டில் குடியேறினார். அப்போது அவருக்கு 28 வயதுகூட நிறையவில்லை. நம் அண்ணன்மார் வயதுதான். வீட்டின் அளவு 10 அடிக்கு 15 அடி. கட்டிய செலவு 28 டாலர் 12½ சென்ட். அரை சென்ட் வரைக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். ரயில் பாதை போட்ட ஐரிஷ் தொழிலாளி ஒருவரின் குடிசையை விலைக்கு வாங்கி, அதன் பலகைகளைப் பிரித்து எடுத்து வந்து கட்டினார். அந்த ரயில் பாதை இன்றும் குளத்தின் ஓரமாகப் போகிறது. நான் வந்ததும் அதே தடத்தில்தான்.

அங்கே இரண்டு ஆண்டு, இரண்டு மாதம் வாழ்ந்தார். நாம் நினைப்பது போல அவர் காட்டுக்குள் ஓடிப்போன துறவி இல்லை. ஊருக்கு அடிக்கடி நடந்து போய் வந்தார், விருந்தினர்களை வரவேற்றார், அவரை நிலம் போட்டுப் பிழைத்தார். வாழ்க்கைக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று சோதித்துப் பார்ப்பதே அவர் நோக்கம். அந்த அனுபவம்தான் 1854-இல் 'வால்டன்' என்ற நூலாக வந்தது.

நமக்கு முக்கியமான செய்தி இதுதான்: அந்தக் காட்டு வீட்டில் அவரோடு இருந்த நூல்களில் ஒன்று பகவத் கீதை. சார்லஸ் வில்கின்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1785-இல் லண்டனில் வெளியான பதிப்பு. சமஸ்கிருதத்திலிருந்து நேரடியாக ஆங்கிலத்துக்குப் போன முதல் கீதை அது. காலையில் கீதையில் தன் அறிவைக் குளிப்பாட்டுவதாக எழுதும் தோரோ, வால்டன் தண்ணீர் கங்கையோடு கலப்பதாகவும் கற்பனை செய்கிறார்.

அடிமை முறையை ஆதரித்த அரசுக்கு வரி கட்ட மறுத்து, 1846-இல் ஓர் இரவு அவர் சிறையில் இருந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைக் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் படித்தார். 1907-இல் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் அதிலிருந்து பகுதிகளையும் வெளியிட்டார். இந்தியாவிலிருந்து போன கீதை ஒரு குளக்கரை இளைஞனிடம் சேர்ந்தது. அந்த இளைஞன் எழுதியது திரும்பி வந்து ஓர் இந்தியரின் கையில் சேர்ந்தது.

4. சென்னைக்கு வந்த பனிக்கட்டி

கங்கையோடு கலப்பது வெறும் கற்பனையும் இல்லை. அந்தக் காலத்தில் பிரிட்ஜ் கிடையாது. பாஸ்டன் வியாபாரி பிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் குளங்களிலிருந்து பனிக்கட்டியை அறுத்து எடுத்துக் கப்பலில் உலகம் முழுக்க விற்றார். 1833-இல் முதல் கப்பல் கல்கத்தாவுக்குப் போனது. ஏற்றியது சுமார் 180 டன். நான்கு மாதப் பயணத்தில், அதுவும் வெப்பக் கடலைத் தாண்டி, போய்ச் சேர்ந்தது சுமார் 100 டன்!

எப்படி உருகாமல் போனது? பொறியியல் மாணவனாக இதில் எனக்குத் தனி ஆசை. கட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் மொத்தக் கொள்ளளவுக்கு வெளிப்பரப்பு குறைவு. வெப்பம் நுழையும் வழியும் குறைவு. சுற்றிலும் மரத்தூள் போட்டால் அதற்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இவ்வளவுதான் ரகசியம்.

1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்திலும் பனிக்கட்டி வெட்டினார்கள். தோரோ வீட்டு வாசலிலிருந்தே அதைப் பார்த்தார். ஆனால் அந்தக் குவியலில் பெரும்பகுதி கரையிலேயே கிடந்து, 1848 செப்டம்பர் வரை மெல்ல மெல்ல உருகிக் குளத்துக்கே திரும்பிவிட்டதாம்.

டியூடரின் பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் ஒரு கட்டடம் கட்டினார்கள். அதுதான் ஐஸ் ஹவுஸ். பனிக்கட்டியை இயந்திரத்திலேயே செய்யும் காலம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் கை மாறியது. 1897 பிப்ரவரியில், மேலை நாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கேதான் தங்கினார். இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் மெரினாவில் பஜ்ஜி சாப்பிடுவதோடு நிறுத்தாமல் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

5. அடி இல்லாத குளம்?

தோரோ காலத்தில், வால்டன் குளத்துக்கு அடியே கிடையாது என்று பலர் நம்பினார்களாம். யாரும் அளந்து பார்க்கவில்லை. தோரோ நில அளவை தெரிந்தவர். 1846-இன் தொடக்கத்தில் குளம் உறைந்திருந்தபோது பனியில் துளை போட்டு, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அளந்தார். மிக ஆழமான இடம் 102 அடி, அதாவது சுமார் 31 மீட்டர். இன்றைய கருவிகள் காட்டுவதும் ஏறக்குறைய அதேதான்.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. அளந்து முடித்த பிறகும் குளத்தின் மீது அவருக்கிருந்த மதிப்புக் குறையவில்லை. 'கேள்வி கேட்டால் பக்தி போய்விடும்' என்று நம்மில் சிலர் பயப்படுகிறோம். கீதையே அர்ச்சுனன் கேட்ட கேள்விகளால் வளர்ந்த நூல்தானே!

6. பையிலிருந்த எள்

வருகையாளர் மையத்தில் குளம் உருவான விதத்தை விளக்கி வைத்திருக்கிறார்கள். பனிப்பாறைக் காலத்தின் முடிவில், பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால், ஒரு பெரிய பனிப்பாளம் மணலிலும் கூழாங்கல்லிலும் புதைந்து கிடந்தது. அது உருகியபோது உண்டான பள்ளமே இந்தக் குளம். எந்த ஓடையும் இதற்குள் வருவதில்லை. எந்த ஓடையும் வெளியே போவதும் இல்லை. மழையும் நிலத்தடி நீரும்தான் இதை நிரப்புகின்றன. கிழக்குப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து ஊறி வரும் நீர், மேற்குப் பக்கம் மண்ணுக்குள்ளேயே மெதுவாக இறங்குகிறது.

அங்கிருந்த ஊழியரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "இவ்வளவு தெளிவான தண்ணிக்கு என்ன ஆபத்து?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீந்த வருபவர்களின் சிறுநீர்" என்றார். நான் விளையாட்டு என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. 2001-இல் வெளியான அரசு ஆய்வு ஒன்று, கோடையில் குளத்தில் சேரும் பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதி நீந்துபவர்களிடமிருந்து வரலாம் என்று கணித்திருக்கிறது. பாஸ்பரஸ் கூடினால் பாசி கூடும். பாசி செத்து அடியில் அழுகும்போது ஆக்சிஜன் குறையும். மீன் வாழ முடியாது.

முதலாம் ஆண்டில் எங்களுக்குச் சொல்லித்தந்த சமன்பாடு ஒன்றுதான்: உள்ளே வருவது, கழித்தல் வெளியே போவது, சமம் தங்குவது. ஆற்றில் போட்டது கண்ணுக்கு மறைந்துவிடும். வாசல் இல்லாத குளத்தில் போட்டது தங்கிவிடும்.

அப்போதுதான் என் பையில் இருந்த பொட்டலம் நினைவுக்கு வந்தது. எள், அரிசி, பூ.

கரையில் உட்கார்ந்தேன். எனக்குள் ஒரு வழக்கே நடந்தது. 'ஒரு பிடி எள்ளால் 25 ஹெக்டேர் குளம் கெட்டுப்போகுமா? இந்த மரத்து இலையெல்லாம் அதில்தானே விழுது? தாத்தாவுக்குக் கடைசியாகச் செய்ய இதுவும் இல்லையென்றால் நான் என்ன பேரன்?' ஒரு பிடியால் எதுவும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் கோடையில் நீந்துகிற ஒவ்வொருவரும் அதையேதான் நினைத்திருப்பார்கள், 'நான் ஒருத்தன்தானே' என்று.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் லோகசங்கிரகம் என்ற சொல் வருகிறது. உலகம் நிலைத்திருப்பதற்காக, எல்லாருடைய நன்மைக்காகச் செயல்படுவது என்று பொருள். அதற்கடுத்த சுலோகத்தின் கருத்து, ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர்களும் செய்வார்கள் என்பது. கிருஷ்ணர் அர்ச்சுனனிடம் சொன்னது போருக்குத்தான் என்று நினைத்திருந்தேன். 'இதை எல்லாரும் செய்தால் என்ன ஆகும்?' என்ற கேள்வி ஒரு குளக்கரைக்கும் பொருந்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தர்ப்பணம் என்ற சொல்லுக்குத் திருப்திப்படுத்துதல் என்று பொருள். ஈயக்குட்டையில் பிளாஸ்டிக் பை மிதந்தால் தூண்டில் கம்பால் இழுத்துக் கரையில் போடுகிற மனுஷன் என் தாத்தா. அவருக்கு எது திருப்தி தரும்?

பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. காலணியைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் வரை இறங்கினேன். எலும்பு வரை குளிர்ந்தது. இரண்டு கையிலும் அந்தக் குளத்துத் தண்ணீரையே அள்ளி, தாத்தா பேரைச் சொல்லி, அதே குளத்தில் விட்டேன். மூன்று முறை. மூன்றாவது முறை பேர் வாயில் வரவில்லை, அழுகைதான் வந்தது. பக்கத்தில் துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

திரும்பும் வழியில் தோரோவின் வீடு இருந்த இடத்தைப் பார்த்தேன். வீடு இப்போது இல்லை; கருங்கல் தூண்கள் நட்டு அடையாளம் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கற்குவியல். 1872 முதல் வருகிறவர்கள் அவர் நினைவாக ஆளுக்கொரு கல் வைத்துவிட்டுப் போகிறார்கள். நினைவுகூர வேண்டும் என்ற தவிப்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

7. பாட்டியின் கேள்வி

அங்கே பகல் என்றால் நம் ஊரில் இரவு. பாட்டி தூங்காமல் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். "எள்ளு இல்லாம என்னய்யா தர்ப்பணம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. குளத்துக்கு வாசல் இல்லை, சமன்பாடு, பாஸ்பரஸ் என்று ஏதேதோ சொன்னேன். "படிச்சவன் நீ சொன்னா சரிதான்" என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்று இரவு விடுதித் தோட்டத்து மரத்தடியில் எள்ளையும் அரிசியையும் தண்ணீரோடு மண்ணில் விட்டேன். மண்ணில் இருக்கும் பாஸ்பரஸ் மரத்துக்கு உரம். ஆனாலும் மனசு முழுசாக ஆறவில்லை.

டிசம்பரில் ஊருக்கு வந்ததும் பாட்டியையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு அதே ஆற்றங்கரைக்குப் போனேன். பாட்டி சொன்னபடியே எள்ளும் தண்ணீரும் என் கையால் இறைத்தேன். முறை விடுபடவில்லை என்று பாட்டிக்கு நிம்மதி. ஆனால் கரையைப் பார்த்தபோது எங்கள் மூன்று பேருக்குமே பேச்சு வரவில்லை. யார் யாரோ விட்டுப்போன பிளாஸ்டிக் பைகள், உடைந்த சட்டிகள், எண்ணெய் பாட்டில்கள், பழைய துணிகள். எல்லாம் பக்தியோடு வந்தவர்கள் விட்டவைதான். அப்பா ஒன்றும் சொல்லாமல் கார் பின்னாலிருந்து இரண்டு குப்பைப் பைகளை எடுத்து வந்தார். பாட்டி, "அந்தச் சட்டிய மொதல்ல எடு, யாரு காலுலயாச்சும் குத்திரும்" என்றார். இப்போது வருடத் திதிக்கும் பை எடுத்துப் போக வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

இளைஞர்களே, முறையை விட்டுவிடுங்கள் என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. கீதை ஒன்பதாம் அத்தியாயத்தில் இலை, பூ, பழம், தண்ணீர் என்ற நான்கு எளிய காணிக்கைகளைப் பற்றி வருகிறது. நான்கும் மண்ணோடு கலந்துவிடுபவை. பிளாஸ்டிக் பை அந்தப் பட்டியலில் இல்லை. எதைக் கொடுக்கிறோம் என்பதோடு எங்கே, எந்தத் தண்ணீரில் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்து யோசிப்போம். நம் ஊரிலும் அழகான குளங்கள் உண்டு. ஈயம் தோண்டிப் பாழான நிலத்தைத்தான் 1880-களில் தைப்பிங் ஏரிப் பூங்காவாக மாற்றினார்கள். கெட்டுப்போன தண்ணீரையும் மனிதர்கள் மனது வைத்தால் மீட்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

கலந்துரையாட:

அ. உங்கள் ஊர்க் குளத்துக்கோ ஆற்றுக்கோ தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? ஒரு படம் வரைந்து காட்டுங்கள்.

ஆ. 'நான் ஒருத்தன்தானே' என்று நினைத்து நாம் செய்யும் செயல்கள் எவை? லோகசங்கிரகம் என்ற கருத்தோடு ஒப்பிட்டுப் பேசுங்கள்.

இ. வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முறையும் நாம் படித்ததும் மோதும்போது, அவர்கள் மனம் நோகாமல் எப்படிப் பேசுவது? பாட்டியிடம் நான் போனில் பேசிய விதம் சரியா?

ஈ. குழுவாக ஒரு பூங்காவுக்குச் செல்லுங்கள். கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, பதினைந்து நிமிடம் தண்ணீரைப் பார்த்து உட்காருங்கள். கிளம்பும்போது ஆளுக்கு ஒரு பை குப்பை எடுத்து வாருங்கள். அடுத்த வகுப்பில் அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும்.